தோல் உணர்த்தும் உள்நோய்கள்

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவாயிற்று. தமிழ் வணிகர் பலர் வாழும் இவ்வங்காடியில் மூட்டை சுமப்போருக்குக் கைகால்களே முதலீடு. அத்தகையோரின் தோலில் தோன்றும் மாற்றத்தைக் காலத்தே அறிவது மருத்துவப் பணி மட்டுமன்று; பொருளாதாரப் பணியும் ஆகும்.

அறிகுறிகள்

தோலில் காணப்படும் மாற்றங்கள் யாவும் தோல் நோய்கள் அல்ல. கழுத்து மடிப்பும் அக்குளும் கறுத்துத் தடித்திருப்பின், அஃது உடல் இன்சுலினுக்கு உரியவாறு இணங்காமையைக் குறிக்கலாம். இரத்தச் சர்க்கரையைச் சோதித்தல் வேண்டும். இமையோரத்து மஞ்சள் படிவு கொழுப்பு மிகுதியால் தோன்றலாம். இவற்றிற்குக் களிம்பு மட்டும் தடவுவது, காரணத்தை விடுத்து அடையாளத்தை அழிக்க முயல்வதாகும்.

தொழுநோய் மேலும் கருத்திற்குரியது. இது நரம்புகளையும் தாக்கும் தொற்றுநோய். வெளிறிய அல்லது சிவந்த படையில் உணர்ச்சி குன்றியிருப்பது இதன் முதன்மையான அடையாளம். வியர்வை மிகுந்தோரிடம் காணப்படும் தேமலில் உணர்ச்சி குன்றுவதில்லை. சுரண்டினால் செதில் உதிரும். எனினும், முகத்துப் படைகளில் உணர்ச்சி குன்றாதிருக்கலாம். சிலருக்குப் படையே இன்றி முடிச்சுகள் தோன்றலாம். ஆதலின் ஐயம் எழுந்தால் மருத்துவரை நாடுவதே முறை.

சிகிச்சை

உலக நலவாழ்வு நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையை, 1983இல் தொடங்கிய தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் நாட்டில் பரப்பிற்று. மருந்து இலவசம். படைகள் ஐந்துக்கு மேற்படாமலும் கிருமிகள் காணப்படாமலும் இருப்பின் 6 மாதம். ஏனையோர்க்கு 12 மாதம். இடையில் படைகள் வீங்கிச் சிவந்தாலோ நரம்பு வலித்தாலோ மருந்தை நிறுத்தலாகாது. எதிர்விளைவுக்கு உடனே தனிச் சிகிச்சை பெறுதல் வேண்டும். தாமதம் நிலையான ஊனத்தை விளைவிக்கும்.

நிர்வாகத்தின் கடமை

2005 டிசம்பரில், 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை நாடு எய்தியது. நோய் முற்றிலும் நீங்கிவிட்டது என்பது இதன் பொருளன்று. கேரளத்தில் 2018இல் தொடங்கிய 'அசுவமேதம்' இயக்கம், வீடுதோறும் சென்று புதிய நோயாளிகளைக் கண்டறிய முற்பட்டது. வீட்டில் காணவியலாத தொழிலாளரும், வேலை தேடி வந்த பிற மாநிலத்தவரும் கணக்கில் விடுபடலாம். ஆகவே, அங்காடியிலேயே வேலை தொடங்குமுன் முகாம் நடத்துவது பயன்தரும். சோதனையைத் தனிமையில் செய்து, முடிவை மறைவாகக் காத்தல் வேண்டும். கூலியும் மதிப்பும் பறிபோகும் என்ற அச்சம் நீங்கினாலன்றி, எவரும் தம் படையைக் காட்ட முன்வாரார்.