தள்ளி நில்லுங்கள், தள்ளி வைக்காதீர்கள்

ஆலங்குளம் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தொற்றுக் காலத்தில் வீடு வீடாகப் போக வேண்டிய வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

1. அம்மை கண்ட வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் யாரும் உள்ளே போவதில்லை. ஆனால் இளநீரும் நுங்கும் வாசல்வரை வந்துவிடும். படுத்திருப்பவரை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. அதே தமிழ்நாட்டில்தான் 2020-ல் கொரோனா வீடுகளுக்குத் தகரம் அடித்தார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள். தகுந்த அதிகாரியின் உத்தரவு இல்லாமல் ஒட்டக் கூடாது என்று அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நோட்டீஸ் சொன்னதும் வேப்பிலை சொல்வதும் ஒரே சேதிதான். சொன்ன விதத்தில்தான் கோளாறு.

2. "யாரிடமிருந்து தொத்துச்சு?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். யார் யாரோடு பழகினார் என்ற பட்டியல் வேண்டும்தான். அதற்கு முன் "சாப்பிட்டீங்களா பெரியம்மா, மூச்சு வாங்குதா, மாட்டை யார் பார்க்கிறா?" என்று கேளுங்கள். பயம் தெளிந்தவர் உள்ளதைச் சொல்வார். மிரண்டவர் காய்ச்சலை மறைப்பார். மறைத்த காய்ச்சல்தான் தெருவெல்லாம் பரவும்.

3. வீட்டுக்குள் இருக்கச் சொல்லுமுன் அடுப்பைப் பாருங்கள். மில்லையும் பட்டாசையும் நம்பிப் பிழைக்கிற ஊர்கள் இவை. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. 2020-ல் ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய், 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் அரசு கொடுத்தது. அது எத்தனை நாளுக்கு வரும்? அரிசியும் மாத்திரையும் கொண்டுவந்து வைக்க ஒரு ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் விதியைப் பேசுங்கள்.

4. "ஒன்றும் ஆகாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "சாயங்காலம் மறுபடி போன் பண்றேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி பண்ணுங்கள். ஆக்சிமீட்டரில் எண் 94-க்குக் கீழே இறங்கினால் சமாதானம் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதுதான் இரக்கம்.

5. இறந்தவரையும் கைவிடாதீர்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவுக்குப் பலியான ஒரு மருத்துவரை அடக்கம் செய்யப் போனவர்களைக் கும்பல் அடித்து விரட்டியது. கூட வேலை பார்த்த மருத்துவரே ராத்திரியில் மண் தள்ளிக் குழியை மூடினார். அதன் பிறகுதான் அடக்கத்தைத் தடுப்பவர்களுக்குச் சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. உங்கள் ஊரில் சட்டம் வரை போக விடாதீர்கள். சுடுகாடு, இடுகாடு பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

6. பெரியப்பா சாவுக்குப் போக முடியவில்லையே என்று குமைகிறவர்கள் உங்களிடம் வந்து அழுவார்கள். திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேரே 2020, 2021 இரண்டு ஆடிப்பூரத்துக்கும் ரத வீதிக்கு வரவில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். போகாமல் இருந்ததும் ஒரு மரியாதைதான். வருஷ திதிக்கு எல்லாரும் கூடி அழலாம். அதற்குக் காலம் கடந்துவிடாது.

7. உங்கள் உடம்பையும் பாருங்கள். நேரத்துக்கு ஒரு வாய்க் கஞ்சியாவது குடியுங்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர், அது எந்த ஊர்க் காயத்துக்கு என்று கேட்பதில்லை. ஆனால் ஷிப்டு முடிந்தால் அவரும் தறியை விட்டு எழுந்துதான் போகிறார். நீங்களும் போனைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள். காப்பாற்ற முடியாமல் போனவரை நினைத்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். மனசு தாங்கவில்லை என்றால் மருத்துவ உதவி எண் 104-ஐக் கூப்பிடுங்கள். நோயாளிக்கு நீங்கள் கொடுக்கிற அந்த எண் உங்களுக்கும் உரியதுதான்.

8. இதையெல்லாம் நோய் வந்த பிறகு ஆரம்பிக்க முடியாது. தெருவில் தனியாக இருக்கும் பாட்டி யார், என்ன மாத்திரை போடுகிறார், வெளியூரில் இருக்கும் மகனின் எண் என்ன என்று இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.