ஃபாரின் கீ பிழை: எந்த வழியில் சரிசெய்வது?

பயிற்சிக்கு வரும் கடைசி வருட மாணவர்களிடம் ஒரு பழைய கடை பில்லிங்கின் எக்செல் கோப்பைக் கொடுத்து, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஏற்றச் சொல்வது என் வழக்கம். இல்லாத வாடிக்கையாளர் எண்ணோடு வரும் பில்லைத் தடுக்கும் 1452 பிழை வந்தே தீரும். வந்ததும் பலர் பிழைச் செய்தியைப் படிப்பதில்லை. ஃபாரின் கீ சோதனையையே அணைத்துவிடுகிறார்கள். கேட்டால், "சீனியர் அப்படித்தான் பண்ணச் சொன்னாங்க சார்" என்று பதில் வருகிறது. இன்னும் சிலர், "மோங்கோடிபி போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்லை" என்கிறார்கள். வீட்டில் ஏஐ கோர்ஸுக்குப் பணம் கட்டியிருப்பார்கள். ஜாயின் எழுதத் தெரியாது.

வாடிக்கையாளரை முதலில் ஏற்று, பில்லைப் பிறகு ஏற்று என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படியும் 1452 வந்தால் பழைய கோப்பில் வாடிக்கையாளர் எண் இருக்கவேண்டிய இடத்தில் 0 இருக்கிறதா என்று பாருங்கள். கவுன்ட்டரில் ரொக்கத்துக்கு விற்ற பில்லாக இருக்கும். 0 என்ற எண்ணில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. 'ரொக்க விற்பனை' என்று ஒரு வாடிக்கையாளரை உருவாக்கி அந்த பில்களை அவர் கணக்கில் வைக்கலாம். அல்லது அந்த எண்ணை நல் (NULL) ஆக்கலாம், நல்லை ஃபாரின் கீ தடுக்காது. எனக்கு முன்னது பிடிக்கும், ரிப்போர்ட்டில் எதுவும் விடுபடாது.

ஃபாரின் கீயை உருவாக்கும்போதே பிழை வந்தால் அநேகமாக டேட்டா டைப் தகராறு. லாராவெல் 5.8-லிருந்து புது டேபிளின் ஐடி, அன்சைன்ட் பிக் இன்ட்டாக வருகிறது. பில் டேபிளில் நீங்கள் வெறும் இன்ட் வைத்திருந்தால் இரண்டும் ஒட்டாது. இன்னோடிபி ஸ்டேட்டஸை எடுத்தால் 'லேட்டஸ்ட் ஃபாரின் கீ எரர்' என்ற பகுதியில் காரணம் பெரும்பாலும் எழுதியே இருக்கும்.

பில் உள்ள வாடிக்கையாளரை நீக்கும்போது வருவது 1451. இங்கே கேஸ்கேட் போடலாம் என்று தோன்றும். கணக்கு டேபிளில் கேஸ்கேட் போடுகிறவரை நான் வேலைக்கு எடுக்கமாட்டேன். வாடிக்கையாளரை நீக்கினால் அவர் பில்களும் சேர்ந்து போய்விடும். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். ஆகவே வாடிக்கையாளரை நீக்காமல், 'செயலில் இல்லை' என்று குறித்து வையுங்கள்.

இனி அந்தப் புகழ்பெற்ற குறுக்குவழிக்கு வருவோம். சோதனையை அணைத்தால் பிழை மறைகிறது, டேட்டா ஏறுகிறது, ரிவ்யூவில் கைதட்டு கிடைக்கிறது. ஆனால் 118 என்ற வாடிக்கையாளரே இல்லாமல் 118-க்குப் போட்ட பில் உள்ளே உட்கார்ந்திருக்கும். பில் டேபிளை நேராகக் கூட்டினால் மாத விற்பனை 4,82,350 என்று வருகிறது என வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்வாரி ரிப்போர்ட்டில் 4,79,100தான் வரும், ஏனென்றால் இன்னர் ஜாயின் அந்த அநாதை பில்லைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். 3,250 ரூபாய் எங்கே என்று ஆடிட்டர் கேட்பார். நீங்கள் ஜாயின், ரவுண்டிங், வரி என்று எல்லாவற்றையும் சந்தேகப்படுவீர்கள்.

சோதனையைத் திரும்பப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. மைஎஸ்க்யூஎல் ஏற்கெனவே ஏறிய வரிகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 8.0-க்கு முந்தைய பதிப்புகளில் இன்னும் மோசம்: சோதனை அணைந்திருக்கும்போது கடைசி வாடிக்கையாளரை நீக்கிவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்தால், அதே எண் அடுத்து வரும் புது ஆளுக்குக் கிடைத்துவிடும். பழைய ஆளின் பாக்கி புது ஆள் தலையில். வாங்காத கடனுக்கு அவருக்கு ஸ்டேட்மென்ட் போகும்.

"மைஎஸ்க்யூஎல்டம்ப்பே மேலே அணைத்துவிட்டுத்தானே ஆரம்பிக்கிறது?" என்று கேட்பீர்கள். உண்மைதான். அது ஏற்கெனவே சோதனை தாண்டிய டேட்டாவை அப்படியே திரும்ப ஏற்றுகிறது. டேபிள் வரிசை மாறி வந்தாலும் தடுக்கக் கூடாது என்பதற்காக அணைக்கிறது. உங்கள் எக்செல் கோப்பு எந்தச் சோதனையைத் தாண்டி வந்தது? வரிசைதான் உண்மையில் சிக்கல் என்றால் போஸ்ட்கிரெஸில் டிஃபரபிள் ஃபாரின் கீ இருக்கிறது. கமிட் நேரத்தில் ஒரேயடியாகச் சரிபார்க்கும். என்னைக் கேட்டால் புது ப்ராஜெக்ட்டுக்கு போஸ்ட்கிரெஸையே எடுக்கச் சொல்வேன்.

ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், ரிலேஷனல் மாடல் பற்றிய தன் கட்டுரையில் ஃபாரின் கீயைச் சொன்னது 1970-ல். அதன்பின் எத்தனையோ அலைகள் வந்து போய்விட்டன, கடைக் கணக்கு இன்னமும் அதன் மேல்தான் ஓடுகிறது. பெற்றோர்களே, பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான் என்று பிள்ளையை எந்த கோர்ஸிலும் தள்ளாதீர்கள். ஒரு பிழைச் செய்தியை முழுதாகப் படித்து, எந்த வரி, எந்த எண் என்று அரை மணி நேரம் தேட அவனுக்குப் பொறுமை இருக்கிறதா, அதில் ருசி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்தத் துறை அவனுக்குச் சோறு போடும். இல்லையென்றால் வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன.

மாணவர்களுக்கு ஒன்று: ப்ராஜெக்ட்டைக் கொடுப்பதற்கு முன் பில் டேபிளை வாடிக்கையாளர் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் போட்டு, எண் இருந்தும் பெயர் கிடைக்காத வரிகளை எண்ணுங்கள். பூஜ்ஜியம் வராதவரை கொடுக்காதீர்கள்.