குடும்பத்துக்கொரு வாக்கி-டாக்கி

கேள்வி: அமெரிக்காவில் கேம்பிங், நெடுந்தூர கார் பயணம் என்று கிளம்புகிற குடும்பங்கள் ஆளுக்கொரு வாக்கி-டாக்கி எடுத்துப் போகிறார்களாமே? போலீஸ்காரர் இடுப்பில் பார்த்த சாமான் குடும்பத்தார் கைக்கு எப்படி வந்தது?

பதில்: அது பிறந்ததே காட்டில் வேலை செய்பவர்களுக்காகத்தான். 1937இல் கனடாவின் ஒரு சுரங்க நிறுவனத்துக்காக, தூக்கிச் செல்லக்கூடிய ரேடியோவை டொனால்ட் ஹிங்ஸ் உருவாக்கினார். அதே காலத்தில் அமெரிக்காவில் ஆல் கிராஸ் என்ற இளைஞரும் தனியாக ஒன்று செய்தார்.

பிறகு போர் வந்தது. கருவி ராணுவத்துக்குப் போனது. மோட்டரோலாவின் எஸ்.சி.ஆர்-300 முதுகில் சுமக்கும் மூட்டை, எடை சுமார் 16 கிலோ. கையில் பிடிக்கும் எஸ்.சி.ஆர்-536 இரண்டேகால் கிலோ. அதற்குத் தனி சுவிட்ச் கிடையாது. ஆன்டெனாவை இழுத்தால் உயிர் வரும், உள்ளே தள்ளினால் அணைந்துவிடும்.

1958இல் பொதுமக்களுக்கு 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை திறந்துவிடப்பட்டது. அதுதான் சிபி ரேடியோ. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு டீசல் எங்கே கிடைக்கும், போலீஸ் எங்கே நிற்கிறது என்று லாரி ஓட்டுநர்கள் இதில்தான் சொல்லிக்கொண்டார்கள். காரில் போகும் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. அதிபர் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுகூட 'ஃபர்ஸ்ட் மாமா' என்ற புனைபெயரில் பேசினார்!

ஆனால் சிபி அலையின் நீளம் 11 மீட்டர். ஒழுங்காக வேலை செய்ய நீண்ட ஆன்டெனா வேண்டும். குழந்தை கையில் கொடுக்க முடியாது. 1996இல் அமெரிக்க அரசு 'ஃபேமிலி ரேடியோ சர்வீஸ்' என்ற பெயரில் 462, 467 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் 14 சேனல்களை உரிமம் கேட்காமல் ஒதுக்கியது. இங்கே அலைநீளம் 65 சென்டிமீட்டர்தான். விரல் நீள ஆன்டெனாவே போதும். அரை வாட் சக்தி. முன்னே ஒரு கார், பின்னே ஒரு கார் என்று போகிறவர்களுக்கும், செல்போன் சிக்னல் எட்டாத காட்டில் கூடாரம் அடிப்பவர்களுக்கும் அது தாராளம். 2017இல் சேனல்கள் 22 ஆயின. சிலவற்றில் 2 வாட் வரை அனுமதி. பெட்டிமேல் எத்தனை மைல் அச்சடித்திருந்தாலும், மரமும் மேடும் குறுக்கிட்டால் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான்.

கேள்வி: இதில் ஏன் ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் பேச முடிகிறது?

பதில்: இருவருக்கும் ஒரே அலைவரிசை. பொத்தானை அழுத்தியிருக்கும்வரை உங்கள் கருவி அனுப்பும், கேட்காது. அழுத்தியவுடன் பேசத் தொடங்கினால் முதல் சொல் விழுங்கப்படும். ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஒரு ஜோடி வாங்கி வருகிறார். கொடைக்கானல் போகும்போது பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். நம் நாட்டில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்கக் குடும்ப ரேடியோ அந்த விலக்கில் வராது. அண்ணனிடம் சாக்லேட் வாங்கி வரச் சொல்லுங்கள். ரேடியோவை இங்கேயே, அலைவரிசை பார்த்து வாங்குங்கள்.