பறப்பது இருபது நிமிடம், கையில் வேண்டியது இரண்டு நாள்

கேள்வி: அப்பா, அம்மாவை நேபாளத்திலுள்ள முக்திநாத் சேவிக்க அழைத்துப் போகிறேன். பொக்காராவிலிருந்து, முக்திநாத் போகும் வழியிலுள்ள ஜோம்சோம் எவ்வளவு தூரம்? விமானத்தில் இருபது நிமிடமாம். ஜீப்பில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகுமாம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? திரும்பும்போது காலை விமானத்தில் பொக்காரா வந்து, அன்றைக்கே காட்மாண்டு போய் டெல்லி விமானத்தைப் பிடித்துவிடலாமா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். டெல்லி டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். காரணம் தூரம் அல்ல, காற்று.

நேர்கோட்டில் அளந்தால் இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆனால் குறுக்கே அன்னபூர்ணா மலைத்தொடர் நிற்கிறது. ட்வின் ஆட்டர் போன்ற சிறிய விமானங்கள் அதைத் தாண்டிப் போவதில்லை. மேற்கே கோரேபானிப் பக்கம் ஏறி, காளி கண்டகிப் பள்ளத்தாக்குக்குள் புகுந்து, ஆறு வரும் திசையைப் பார்த்து வடக்கே போகும். வலப்பக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா, இடப்பக்கம் 8,167 மீட்டர் தவளகிரி. இரண்டு சிகரமும் விமானத்தைவிட உயரத்தில் இருக்கும். சாலையோ பேனி வழியாகச் சுற்றி 150 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. மழைக்காலத்தில் மண்சரிவு வேறு.

வெயில் ஏற ஏற வடக்கே முஸ்தாங்கின் வறண்ட மேட்டுநிலம் சூடாகிறது. அங்கே காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து காற்று இந்த ஒரே இடுக்கு வழியாகப் பாய்கிறது. முற்பகல் முடிவதற்குள் ஜோம்சோமில் புழுதி பறக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் விமானங்கள் காலையில் மட்டும். ஓடுபாதை சுமார் 740 மீட்டர். சென்னையின் பெரிய ஓடுபாதையில் ஐந்தில் ஒரு பங்கு. உயரம் 2,700 மீட்டருக்கு மேல் என்பதால் காற்றின் அடர்த்தியும் குறைவு. விமானம் எழும்பக் கூடுதல் ஓட்டம் தேவை. விமானி கண்ணால் பார்த்தே இறக்க வேண்டிய இடம் இது. காலையில் மேகம் கலையத் தாமதமானால், கலைவதற்குள் காற்று வந்துவிடும். அன்றைய விமானங்கள் ரத்து.

2022 மே 29 அன்று இதே தடத்தில் ஒரு விமானம் மலையில் மோதி 22 பேர் உயிரிழந்தார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. "இன்று பறக்க முடியாது" என்று விமான நிலையத்தில் சொன்னால், அவர்களை அவசரப்படுத்த வேண்டிய நிலையில் நீங்கள் இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பெற்றோர் விஷயத்தில் இன்னொன்று. பொக்காரா சுமார் 820 மீட்டர் உயரம். முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேல். விமானத்தில் இறங்கிய கையோடு ஜீப் ஏறினால், பாதி நாளுக்குள் அவ்வளவு உயரம் போய்விடுவீர்கள். தலைவலி, மூச்சுத்திணறல் வர வாய்ப்பு அதிகம். ஜோம்சோமில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை மேலே போங்கள். இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் இருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் முதல் மே வரை, அல்லது அக்டோபர், நவம்பரில் போங்கள். முதல் விமானத்திலேயே இடம் பிடியுங்கள். ரத்தானால் ஜீப்பில் இறங்குவதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். ஓரிரு நாள் மிஞ்சினால் பொக்காராவில் ஓய்வெடுக்கலாம். வயதானவர்களுக்கு அதுவும் தேவைதான்.