எந்தச் செடிக்கு இடம் தருவது?

சிங்கப்பூரில் சாலையோரங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் மஞ்சள் பூக்களுடன் தரையை மூடிப் படரும் ஒரு செடியைக் காணலாம். அதன் பெயர் வெடேலியா. பார்ப்பதற்கு அது மூலிகைச் செடியான மஞ்சள் கரிசலாங்கண்ணியைப் போலவே இருக்கும். இரண்டும் உறவுச் செடிகள்தாம், ஆனால் ஒன்றல்ல. வெடேலியா வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றுள்ளது.

வெளியிலிருந்து வந்த செடிகள் எல்லாம் தீங்கு செய்வதில்லை. சாலைகளுக்கு நிழல் தரும் தூங்குமூஞ்சி மரமும் மேம்பாலங்களை அழகுபடுத்தும் காகிதப்பூச் செடியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவையே. ஆக்கிரமிப்புச் செடிகளோ நட்ட இடத்தைத் தாண்டிப் பரவி, மற்றச் செடிகளை வளரவிடாமல் தடுக்கின்றன. வெடேலியாவின் தண்டு, மண்ணைத் தொடும் கணுக்களில் வேர்விடுகிறது. வெட்டி எறிந்த துண்டுகூட மீண்டும் முளைக்கும். அடர்ந்து படர்ந்த அதன் இலைகளுக்குக் கீழே, மற்ற விதைகள் முளைக்கத் தேவையான ஒளி கிடைப்பதில்லை.

“வெடேலியாவின் பூக்களைத் தேடித் தேனீக்கள் வருகின்றனவே, அதை ஏன் அகற்ற வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பூச்சிகளுக்குத் தேன் மட்டும் போதாது. வண்ணத்துப்பூச்சிகள் பல வகைப் பூக்களில் தேன் குடிக்கும். அவற்றின் புழுக்களோ குறிப்பிட்ட சில செடிகளின் இலைகளை மட்டுமே தின்னும். 2015ஆம் ஆண்டில் பொதுமக்கள் வாக்களித்து, ‘காமன் ரோஸ்’ வண்ணத்துப்பூச்சியைச் சிங்கப்பூரின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்ந்தெடுத்தனர். தமிழகத்தில் ஈசுவரமூலி எனப்படும் கொடியும் அதன் உறவுக் கொடிகளுமே அதன் புழுவுக்கு உணவு. அவ்வகையைச் சேர்ந்த ஒரு கொடி சிங்கப்பூரில் இயற்கையாகவே வளரக்கூடியது. இங்கு அழியும் நிலையில் உள்ளது. அந்த இலைகளிலுள்ள நச்சு புழுவின் உடலில் சேர்வதால், பறவைகள் அதை உண்ணத் தயங்குகின்றன. அக்கொடி இல்லாத இடத்தில், எத்தனை பூக்கள் இருந்தாலும் காமன் ரோஸ் பெருக முடியாது.

வெடேலியாவை அகற்றிய இடத்தில் எதை நடலாம்? மலாய் மொழியில் ‘கடோக்’ எனப்படும் செடி நிழலில் நன்கு படரும். அதன் இலை, லிட்டில் இந்தியாவில் விற்கப்படும் வெற்றிலையைப் போன்றது. இரண்டும் மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வெயில் படும் இடத்தில் ‘செண்டுடோக்’ புதரை வளர்க்கலாம். அதன் ஊதா நிறப் பூக்களைத் தச்சு வண்டுகளும் பழங்களைப் பறவைகளும் நாடி வருகின்றன.

வெடேலியாவை வேரோடு அகற்ற வேண்டும். வெட்டிய தண்டுகளைக் காட்டோரத்தில் கொட்டாமல் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். சில வாரங்கள் கழித்து மீண்டும் தலைகாட்டும் துளிர்களையும் களைய வேண்டும். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதியின்றிச் செடிகளைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம். ஆகவே, இம்மாற்றத்தைத் தங்கள் வீட்டுத் தோட்டத்தில் தொடங்குவதே முறை.

புதிதாக நட்ட செடிகள் தரையை மூடச் சில மாதங்கள் ஆகும். அதுவரை தோட்டம் வெறுமையாகத் தெரியலாம். பின்னர், இலைகளில் சிறு ஓட்டைகளும் தோன்றலாம். அவற்றைக் கண்டு வருந்தத் தேவையில்லை. அந்தத் தோட்டத்தில் ஏதோ ஓர் உயிருக்கு உணவு கிடைத்திருக்கிறது என்பதற்கு அவையே சான்று.