கரிசலில் உரமிடும் முன் ஒரு வரவு செலவுக் கணக்கு

புரட்டாசி பிறந்துவிட்டால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் உரக்கடைக்குச் செல்லும் விவசாயிகள் பலர் கேட்பது டி.ஏ.பி. ஒன்றைத்தான். மக்காச்சோளமானாலும் உளுந்தானாலும் பருத்தியானாலும் ஏக்கருக்கு ஒரு மூட்டை என்பது கைப்பழக்கமாகிவிட்டது. இது நிலத்துக்கு ஏற்றதுதானா என்பதை அறியப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. வீட்டு வரவு செலவு எழுதுவதுபோல் நிலத்துக்கும் ஒரு கணக்கு எழுதினால் போதும்.

மானாவாரி மக்காச்சோளம் ஏக்கருக்கு 10 குவிண்டால் மணியும், 15 குவிண்டால் தட்டையும் தந்ததாக வைத்துக்கொள்வோம். மணியுடன் சுமார் 15 கிலோ தழைச்சத்தும், 6 கிலோ மணிச்சத்தும், 4 கிலோ சாம்பல் சத்தும் நிலத்தைவிட்டு வெளியேறுகின்றன. தட்டையில் இருப்பது சுமார் 10 கிலோ தழைச்சத்து, 3 கிலோ மணிச்சத்து, 22 கிலோ சாம்பல் சத்து. இரண்டையும் வீட்டுக்கோ சந்தைக்கோ கொண்டு போய்விட்டால் நிலத்தின் செலவு முறையே 25, 9, 26 கிலோ ஆகிறது.

இனி வரவைப் பார்ப்போம். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் இருப்பது 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் மட்டுமே. சாம்பல் சத்து துளியும் இல்லை. ஆக, தழைச்சத்தில் 16 கிலோ, சாம்பல் சத்தில் 26 கிலோ பற்றாக்குறை. மணிச்சத்திலோ 14 கிலோ மிச்சம். விளைச்சலுக்கும் இரகத்துக்கும் ஏற்ப இவ்வெண்கள் கூடும், குறையும். ஆனால் பற்றாக்குறை எந்தப் பக்கம் என்பது மாறாது. விலை கொடுத்து வாங்கிய உரம் ஒரு சத்தில் மிஞ்சுகிறது. மற்ற இரண்டில் நிலம் கடன்படுகிறது.

மிஞ்சிய மணிச்சத்து அடுத்த ஆண்டுக்குச் சேமிப்பாக நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கரிசல் மண்ணில் சுண்ணாம்பு அதிகம். களர் அமில நிலை பெரும்பாலும் 8க்கு மேல். இடும் மணிச்சத்தின் பெரும்பகுதியைச் சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. பின்னர் அது மெல்ல மெல்லத்தான் விடுபடும். அத்துடன், மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகச் சத்துப் பற்றாக்குறை மேலும் கடுமையாகும். மக்காச்சோளத்தில் இளங்குருத்து வெளுத்து நிற்பது இதன் அறிகுறி. இதை நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பது வீண் செலவு.

கரிசலில் சாம்பல் சத்து ஏராளம், அதற்கு ஏன் கவலை என்று அனுபவமுள்ள விவசாயிகள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மானாவாரிப் பருத்திக்கும் சோளத்துக்கும் எக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்தும் 20 கிலோ மணிச்சத்தும் பரிந்துரைக்கப்பட்டு, சாம்பல் சத்து விடப்பட்டிருப்பதும் அதனால்தான். ஆனால் அந்த இருப்பு பாட்டன் காலத்துக் குதிரில் உள்ள தானியம் போன்றது. பொட்டாஷ் உரம் வாங்கியாக வேண்டும் என்பதில்லை. தட்டையை நிலத்திலேயே விட்டால், மேற்சொன்ன கணக்கில் 26 கிலோ செலவு 4 கிலோவாகக் குறைந்துவிடும்! மாடு வைத்திருப்பவர்கள் தட்டையைத் தீவனமாக்கத்தான் வேண்டும். அதன் சாணமும் சிறுநீர் ஊறிய கூளமும் அதே நிலத்துக்குத் திரும்பினால் கணக்கு ஓரளவு நேராகும். பருத்திமாரை முன்பு அடுப்புக்கு எடுத்தார்கள். இப்போது எரிவாயு வந்த பிறகும் பலர் அதை வரப்போரம் குவித்துத் தீ வைக்கிறார்கள். எரித்தால் தழைச்சத்தும் கந்தகமும் புகையோடு போய்விடும். எஞ்சும் சாம்பலும் ஒரே இடத்தில் கிடக்கும். இயந்திரத்தால் துண்டாக்கி உழுதுவிடுவதே சிறந்தது.

உரத்தைப் பொறுத்தவரை, ஏக்கருக்கு ஒரு மூட்டை (50 கிலோ) சூப்பர் பாஸ்பேட் 8 கிலோ மணிச்சத்துத் தருகிறது. டி.ஏ.பி.யில் இல்லாத கந்தகமும் அதில் 5 கிலோவுக்கு மேல் கிடைக்கிறது. உளுந்து, பாசி, சூரியகாந்தி ஆகியவற்றுக்குக் கந்தகம் அவசியம். இந்த சூப்பரை நேராக நிலத்தில் இடாமல், நன்கு மக்கித் தூளான தொழு உரம் 300 கிலோவுடன் கலந்து, ஈரமாக்கிக் குவித்து, மண்ணால் மெழுகி ஒரு மாதம் வைத்திருந்து விதைக்கும்போது இடவேண்டும். இதற்கு ஊட்டமேற்றிய தொழு உரம் என்று பெயர். மணிச்சத்து சுண்ணாம்பிடம் எளிதில் சிக்காது. புரட்டாசி விதைப்புக்கு ஆவணியிலேயே குவியல் போட்டாக வேண்டும்.

ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்ற பழைய பரிந்துரை, இரண்டு மாடு மட்டும் வைத்திருப்பவருக்கு எல்லா நிலத்துக்கும் எட்டாது. இருப்பதை ஆண்டுக்கொரு துண்டாக முறை வைத்து இடலாம். ஆட்டுக்கிடை கிடைக்கும் இடத்தில் கிடை அமர்த்துவது மிக நல்லது. ஆனால் கிடை எழுந்ததும் மேலாக ஓர் உழவு போடாவிட்டால் தழைச்சத்தில் பெரும்பங்கு காற்றில் போய்விடும்.

மானாவாரிப் பருத்தி, சோளத்துக்கான தழைச்சத்துக்கு ஏக்கருக்கு 35 கிலோ யூரியா போதும். மக்காச்சோளத்துக்கு மண் பரிசோதனைப்படி கூட்டலாம். கரிசலின் மேற்பரப்பில் தூவிய யூரியா ஆவியாக வீணாகும். ஈரத்தில், மண்ணுக்குள் விழும்படி இடவேண்டும். துத்தநாகக் குறை இருந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து இடலாம். சூப்பருடன் மட்டும் கலக்க வேண்டாம்.

மண் மாதிரி எடுக்கப் பங்குனி, சித்திரை ஏற்றது. வரப்பு, மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றை விட்டு, பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் அரை அடி ஆழம் வெட்டி மண் எடுத்து, கலந்து, அரை கிலோவாகக் குறைத்துத் துணிப்பையில் கட்டிக் கொடுக்கவேண்டும். பருத்திக்கு முக்கால் அடி ஆழம். பையில் பெயர், சர்வே எண் ஆகியவற்றுடன் கடந்த ஆண்டு விதைத்த பயிரையும் தட்டையை என்ன செய்தார் என்பதையும் எழுதிவைத்தால், பரிந்துரை சொல்பவருக்குக் கணக்கின் செலவுப் பக்கமும் தெரியவரும்.