வீட்டுக்கு ஒரே கிட்டார்: எந்த அளவு வாங்கலாம்?

பையனுக்கு பிக் என்கிற சின்னத் தகட்டை வைத்து அடித்துப் பாடணும், பெண்ணுக்கு விரலால் மீட்டணும், அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை பழைய பாட்டு. ஆளுக்கொன்றா வாங்க முடியும்? உடம்பு அளவைப் பார்த்து வாங்கினால் ஒரே கிட்டாரில் மூன்று பேருடைய ஆசையும் தீர்ந்துவிடும்.

1. எல்லாவற்றுக்கும் ஒன்றே வேண்டும் என்றால் ஓஎம் அல்லது ஆடிட்டோரியம் என்கிற நடுத்தர அளவைக் கேளுங்கள். அடிப்பக்கத்தில் அகலம் சுமார் 15 இன்ச், ஆழம் 4 இன்ச் சொச்சம் இருக்கும். விரலால் மீட்டினால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். பிக்கால் அடித்தாலும் பாட்டுக்குப் போதுமான சத்தம் வரும்.

2. கடையில் 38, 40, 41 இன்ச் என்று சொல்வது தலை முதல் அடி வரையிலான மொத்த நீளம். அதை வைத்து உடம்பு குண்டா, ஒல்லியா என்று கண்டுபிடிக்க முடியாது. தையல் டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய், அகலத்தையும் ஆழத்தையும் நீங்களே அளந்துவிடுங்கள்.

3. கடைக்குப் போகும் முன்பே வீட்டில் ஒத்திகை பார்க்கலாம். ஆன்லைனில் வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டி, 15 இன்ச் அகலத்தில் 4 இன்ச் ஆழத்துக்கு ஒன்று, 5 இன்ச் ஆழத்துக்கு ஒன்று செய்து, மடியில் வைத்து வலது கையை மேலே போட்டுப் பாருங்கள். டிரெட்நாட் என்கிற பெரிய அளவுக்கும் ஓஎம்முக்கும் அகலத்தில் அரை இன்ச் சொச்சம்தான் வித்தியாசம். ஆழத்திலோ முக்கால் இன்ச். தோளை வலிக்க வைப்பது அந்த முக்கால்தான்!

4. "காசு ஒன்றுதானே, பெரிசாகவே வாங்கிடலாம்" என்று டிரெட்நாட்டை எடுத்துவிடுவார்கள். 1906-இல் வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர் அது. இந்த அளவுக் கிட்டாரை மார்ட்டின் கம்பெனி 1916-இல் ஒரு கடைக்காகச் செய்து கொடுத்தது, 1931-இல்தான் தன் பெயரிலேயே விற்க ஆரம்பித்தது. நாலு பேர் கூடிப் பாடும் இடத்துக்கு அதன் கனத்த கீழ்க்குரல் பிரமாதம், ஆனால் மென்மையான குரல்காரர் தனியாகப் பாடினால் அவரை அமுக்கிவிடும். கோரஸ் மட்டும்தான் உங்கள் தேவை என்றால் தயங்காமல் இதையே வாங்குங்கள்.

5. வீட்டில் ஏற்கெனவே டிரெட்நாட் இருக்கிறதா? விற்க வேண்டாம். 12 நம்பர் கம்பியைக் கழற்றி 11 நம்பர் போட்டு, மெல்லிய பிக்கால், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வாசித்தால் அந்த 'பூம்' சத்தம் நன்றாகக் குறையும். புதுக் கிட்டார் விலை எங்கே, ஒரு செட் கம்பி விலை எங்கே! கம்பி மாற்றியபின் 'ஜிர்ர்' என்று இரைந்தால் கடையில் கொடுத்து, கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

6. காலாவதியான ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட நடுத்தர பிக்கின் கனம் அதுதான். சிப்பையும் நம்பர் உள்ள பகுதியையும் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தில் பிக் வடிவம் வரைந்து கத்தரியுங்கள். ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்தால் கடை பிக் தோற்றுப்போகும்.

7. பெயரில் உள்ள எழுத்தைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடலாம். மார்ட்டின் கணக்கில் பூஜ்ஜியம் கூடக் கூட உடம்பும் கூடும்: 0 என்றால் 13½ இன்ச், 00 என்றால் 14 சொச்சம், 000 என்றால் 15. யமஹாவில் எஃப்ஜி 800 பெரியது, எஃப்எஸ் 800 சிறியது. பெட்டியைத் திறக்கச் சொல்லாமலே வேலை முடிந்தது.

8. ஓஎம், 000 இரண்டுக்கும் உடம்பு ஒன்றுதான். கம்பி நீளம்தான் வேறு. வழக்கமாக ஓஎம்மில் 25.4 இன்ச், 000-இல் 24.9 இன்ச். நீளம் குறைந்தால் இழுவிசையும் குறையும் என்பதால், விரல் நுனி சீக்கிரம் வலிப்பவர்களுக்கு 000 சுகம். எது கையில் இருந்தாலும், அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்து கழுத்தின் முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்கிற கிளிப்பைப் போட்டால் சுருதி மாறாமல் கம்பி இளகும்.

9. குழந்தைக்கு வாங்கும்போது பள்ளி யூனிஃபார்ம் மாதிரி "வளர்ந்தால் சரியாகிடும்" என்று பெரிசாக எடுக்காதீர்கள். வலது தோள் தூக்காமல் விரல்கள் கம்பிகளைத் தொட வேண்டும், இடது கை முதல் ஃப்ரெட் வரை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் முக்கால் சைஸ் எடுத்து, வளர்ந்ததும் தம்பி தங்கைக்கு மாற்றிவிடலாம்.

10. உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கடைக்காரரை வாசிக்கச் சொல்லுங்கள். 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் இளைய நிலா மாதிரி விரலால் மீட்டும் ஒன்று, பிறகு பலமாக அடிக்கும் ஒன்று. இரண்டையும் அதே கிட்டாரில் கேட்கணும். நீங்கள் ஐந்தாறு அடி தள்ளி எதிரே நில்லுங்கள். வாசிப்பவர் காதுக்கு வரும் சத்தமும் எதிரில் இருப்பவருக்குக் கேட்பதும் ஒன்றல்ல.

11. ஜம்போ 17 இன்ச். பீரோ மேலும் நிற்காது, ஆட்டோவிலும் இடிக்கும். சின்ன பார்லர் அழகாக மீட்டும், ஆனால் ஓங்கி அடித்தால் திணறும். இரண்டாவது கிட்டாராக வாங்கும்போது இந்த இரண்டையும் யோசித்துக்கொள்ளலாம்.

12. உடம்பில் ஒரு பக்கம் வளைத்து வெட்டிய கட்அவே பார்க்க ஸ்டைல்தான். ஆனால் கட்அவே இல்லாமலே, ஓஎம்மில் கழுத்து 14-ஆவது ஃப்ரெட்டில்தான் உடம்போடு சேர்கிறது. 1929-இல் பெர்ரி பெக்டெல் என்ற பேஞ்சோ கலைஞர் கேட்டதால் மார்ட்டின் அப்படிச் செய்தது. அந்த 14-ஆவது ஃப்ரெட்டுக்கும் மேலே போய் வாசிப்பவர் வீட்டில் யாரும் இல்லை என்றால் கட்அவேக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

13. பல கடைகளில் டிரெட்நாட்டுக்கான உறைதான் சுலபமாகக் கிடைக்கும். நடுத்தரக் கிட்டார் அதில் ஆடும். இடுப்புப் பகுதியில் பழைய பூத்துண்டைச் சுருட்டி வைத்தால் அசையாது. செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் உள்ளே போடுங்கள். மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதமே உகந்தது. கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் மேல்பலகை உப்பி, கம்பி எழும்பிவிடும்.

14. பழைய கிட்டார் வாங்கினால் ஸ்டீல் ஸ்கேலை பிரிட்ஜுக்குப் பின்னால் குறுக்கே வைத்துப் பாருங்கள். லேசான மேடு சகஜம், ஸ்கேல் ஊஞ்சல் மாதிரி ஆடினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் விசிட்டிங் கார்டு நுழைந்தால் பேரமே வேண்டாம்.

15. போனில் ரெக்கார்டு செய்யும்போது ஓட்டைக்கு நேரே வைக்காமல், 12-ஆவது ஃப்ரெட்டுக்கு எதிரே ஓர் அடி தள்ளி வையுங்கள். ராத்திரி பயிற்சிக்கு ஒரு பழைய டி-ஷர்ட்டை உள்ளே செருகினால் சத்தம் பாதியாகும், பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்ட மாட்டார். காலையில் எடுக்க மறந்தால், "கிட்டாருக்கு என்ன ஆச்சு?" என்று வீடே கலங்கும்!